டாக்டர் மீது பிராது: அமெரிக்க மாநில மருத்துவ வாரியங்களின் தண்டனை முறை

அமெரிக்காவில் வைத்தியம் பார்த்த டாக்டர் தவறு செய்துவிட்டார் என்று மனம் கொதிக்கும் நோயாளிக்கோ அவருடைய உறவினருக்கோ முறையிட்டுக்கொள்ள மூன்று இடங்கள் உண்டு. நஷ்ட ஈடு வேண்டுமென்றால் சிவில் கோர்ட். நடந்தது குற்றச் செயல் என்றால் போலீஸ். இந்த மனிதர் இனி வேறொருவருக்கு வைத்தியம் பார்க்கலாமா, பார்ப்பதானால் எந்த நிபந்தனையின்மீது பார்க்கலாம் என்ற கேள்வியை எழுப்ப வேண்டுமென்றால் மாநில மருத்துவ வாரியம். நியூஜெர்ஸி, டெக்ஸாஸ், கலிபோர்னியா முதலிய மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்களுள் முதல் இரண்டையும் அறியாதவர் இலர். மூன்றாவதை அறிந்தவர் சிலரே. அந்தச் சிலரிலும், அங்கே மனுப் போட்டால் ஆஸ்பத்திரி பில் தள்ளுபடியாகும் என்றோ, டாக்டர் வந்து மன்னிப்புக் கேட்பார் என்றோ நம்பியிருந்து, பல மாதம் கழித்து வந்த இரண்டு வரிக் கடிதத்தைப் படித்து மனம் உடைந்தவர்கள் உண்டு. வாரியத்தின் கையில் இருப்பது லைசென்ஸ் ஒன்றே. அதை வழங்கவும், அதற்கு நிபந்தனை விதிக்கவும், அதைப் பறிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. உங்களுக்கு நஷ்ட ஈடு வாங்கித் தரும் அதிகாரம் இல்லை. பிராது பதிவான கணத்திலேயே வழக்கு மாநிலத்தினுடையதாகிவிடுகிறது, நீங்கள் அதில் ஒரு சாட்சி என்ற அளவிலே நிற்கிறீர்கள். இதனை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டவர்களுக்கு இந்த அத்தியாயத்தில் எஞ்சியிருப்பவை நடைமுறை விவரங்களே.

அதிகாரத்தின் பூர்வோத்தரம்

அமெரிக்க அரசியல் சாசனத்தில் வைத்தியத் தொழிலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மத்திய சர்க்காரிடம் ஒப்படைக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ பிரஜைகளுக்கோ உரியவை என்று சாசனத்தின் பத்தாவது திருத்தம் கூறுவதால், பிரஜைகளின் ஆரோக்கியத்தைக் காக்கும் பொறுப்பு மாநிலங்களின் கையிலே தங்கிற்று. ஆயினும் ஒருவன் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்து பிழைப்பதைச் சர்க்கார் தடுக்கலாமா என்ற ஐயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இருந்துகொண்டேயிருந்தது. மேற்கு வர்ஜீனியா மாநிலம், நல்ல கல்லூரியில் பட்டம் பெற்றவரோ, பல்லாண்டுகள் அங்கேயே தொழில் செய்தவரோ, பரீட்சையில் தேறியவரோ அல்லாத எவரும் வைத்தியம் பார்க்கலாகாது என்று சட்டம் செய்தபோது, பிராங்க் டென்ட் என்ற வைத்தியரின் சின்சினாட்டிப் பட்டத்தை அம்மாநிலத்து வாரியம் ஏற்க மறுத்தது. அவர் தொழிலை விடவில்லை. குற்றவாளியாக்கப்பட்டு மேல்முறையீட்டில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1889-இல் அந்த நீதிமன்றம், நோயாளி தானே சோதித்தறிய முடியாத ஒரு வித்தையில், அதைக் கற்றவன் யார் என்று சோதித்து அறிவிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. பிறகு 1898-இல் ஹாக்கர் என்பவரின் வழக்கில், வித்தை மட்டும் போதாது, ஒழுக்கமும் வேண்டும் என்று மாநிலம் கேட்கலாம் என்பதும் நிலைநாட்டப்பட்டது. இன்று ஏதேனும் ஒரு வாரியம் ஒரு டாக்டரின் லைசென்ஸைப் பறிக்கிறதென்றால், அந்த உத்தரவின் வேர் இவ்விரு தீர்ப்புகளில் இருக்கிறது.

அதிகாரம் என்று ஒன்று பிறந்துவிட்டால் அது எங்கெல்லாம் போகும் என்பதற்கு ஓர் உதாரணத்தை இங்கே சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் ஆஸ்பத்திரிகள் நடத்திய நியூயார்க் அறுவை வைத்தியர் எட்வர்ட் பார்ஸ்கி, தாம் தலைமை வகித்த அகதிகள் நிதிக் குழுவின் கணக்குப் புத்தகங்களைக் காங்கிரஸின் விசாரணைக் குழுவிடம் ஒப்படைக்க மறுத்ததற்காகச் சிறை சென்றார். அந்தத் தண்டனையையே காரணமாகக் காட்டி நியூயார்க் அதிகாரிகள் அவருடைய லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். 1954-இல் சுப்ரீம் கோர்ட்டு அதையும் சரியே என்றது. அவருடைய கத்தி எந்த நோயாளிக்கும் தீங்கு செய்ததாக ஒருவரும் சொல்லவில்லை. தீர்ப்போடு உடன்படாத நீதிபதிகளின் அபிப்பிராயமே எனக்கு நியாயமாகப் படுகிறது.

எந்த வாரியம்?

ஐம்பது மாநிலங்களும் தலைநகர்ப் பிரதேசமும் மற்றப் பிரதேசங்களும் சேர்ந்து எழுபதை ஒட்டிய வாரியங்கள் இருக்கின்றன. இவற்றுக்குப் பொதுவான கூட்டமைப்பு ஒன்று 1912-இல் ஏற்பட்டது. அது ஆலோசனை கூறும், தகவல் திரட்டும், ஆனால் தண்டிக்காது. வாரியங்களின் அமைப்போ மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிபோர்னியா வாரியத்தில் 15 பேர். அவர்களுள் 8 பேர் டாக்டர்கள், 7 பேர் பொதுமக்களின் பிரதிநிதிகள். டெக்ஸாஸில் 19 பேர். 12 பேர் டாக்டர்கள், 7 பேர் பொதுமக்கள். டெக்ஸாஸ் வாரியத்தினர் எல்லாரும் கவர்னரால் நியமிக்கப்படுகிறவர்கள். நியூயார்க்கில் லைசென்ஸ் வழங்குவது கல்வி இலாகா, தண்டிப்பது சுகாதார இலாகாவைச் சேர்ந்த தனி அலுவலகம். இல்லினாயில் எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்து ஒரே இலாகா.

பிராதை எங்கே அனுப்புவது என்பதற்கு விதி எளிது: வைத்தியம் நடந்தபோது நோயாளி எந்த மாநிலத்தில் இருந்தாரோ அந்த மாநிலத்து வாரியத்துக்கு. வீடியோவில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஃப்ளோரிடாவில் உட்கார்ந்திருந்தாலும், நீங்கள் நியூஜெர்ஸியில் உங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தீர்களானால் நியூஜெர்ஸி வாரியமே உங்களுக்கு உரியது. இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. ராணுவ ஆஸ்பத்திரிகளிலும் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்யும் டாக்டருக்கு ஏதேனும் ஒரு மாநிலத்து லைசென்ஸ் இருந்தால் போதும். ஆகையால் அவருடைய லைசென்ஸ் எந்த மாநிலத்தினுடையது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயருக்குப் பின்னால் எம்.டி. என்றிராமல் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) என்றிருந்தால், கலிபோர்னியா, மிச்சிகன், அரிஸோனா போன்ற சில மாநிலங்களில் அவருக்குத் தனி வாரியம். டெக்ஸாஸில் இருவருக்கும் ஒன்றே. நர்ஸ், பல் வைத்தியர், மருந்துக் கடைக்காரர் ஆகியோருக்கும் வேறு வாரியங்கள் உண்டு. ஆஸ்பத்திரியின்மேல் குறையிருந்தால் மாநிலச் சுகாதார இலாகாவுக்கு எழுத வேண்டும்.

டாக்டர்களை டாக்டர்களே விசாரிப்பது எங்ஙனம் நியாயமாகும் என்று கேட்பவர்களுக்கு, அந்தச் சந்தேகம் நியாயமானதே என்றுதான் பதில் சொல்ல வேண்டும். விசாரிக்கிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒரே வாரியமாக இருப்பது மட்டுமே நீதிக்கு விரோதமாகாது என்று விஸ்கான்ஸின் வழக்கொன்றில் 1975-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது; ஆனால் 2015-இல் வட கரோலினாவின் பல் வைத்திய வாரியம், பல் வைத்தியர் அல்லாதார் பல்லை வெளுக்கச் செய்யும் தொழிலை மிரட்டல் கடிதங்களால் ஒழிக்கப் பார்த்த வழக்கில், தொழில் செய்பவர்களே மிகுந்துள்ள வாரியம் சர்க்காரின் நேரடி மேற்பார்வை இல்லாமல் போட்டியை நசுக்கினால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று அதே கோர்ட்டு கண்டித்தது. நெடுநாளாகப் பொதுமக்கள் சார்பான சங்கங்கள் கூறிவரும் குறை, வாரியங்கள் சகபாடிகளிடம் தாட்சண்யம் காட்டுகின்றன என்பது. டாக்டர்கள் கூறும் குறையோ இதற்கு நேர் எதிரானது. இரண்டிலும் உண்மை உண்டென்பதே என் அபிப்பிராயம். ஒரே வாரியம் போதைக்கு அடிமையாகிப்போன ஒரு டாக்டரைப் பல ஆண்டு பொறுத்துக்கொள்வதையும், கேஸ் ஷீட்டைச் சரியாக எழுதாத மற்றொருவரை விரட்டி விரட்டிக் கேள்வி கேட்பதையும் வெளியான உத்தரவுகளைப் படிப்பவர் காணலாம்.

எது குற்றம், எது குற்றமன்று

நோயாளிகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவது. குடியிலோ போதை மருந்திலோ இருக்கும்போது வைத்தியம் பார்ப்பது. வலி மருந்துகளைக் காரணமின்றி அள்ளிக் கொடுப்பது. பெருத்த அசிரத்தை, அல்லது மீண்டும் மீண்டும் நேரும் சிறு அசிரத்தை. கேஸ் ஷீட்டைப் பின்னால் திருத்துவது. செய்யாத சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸில் பணம் கேட்பது. குற்ற வழக்கில் தண்டனை அடைவது. வேறு மாநிலத்தில் தண்டிக்கப்பட்டதை மறைப்பது. இவையே வாரியங்களின் முன் மிகுதியாக வருகின்றன. டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை, இரண்டு மணி நேரம் காத்திருக்க வைத்தார், பில் அதிகம் போட்டார் என்பவற்றை எடுத்துக்கொண்டு போனால் பொதுவாகப் பயன் இராது. சிகிச்சை பலிக்கவில்லை என்பதும் தனியே குற்றமன்று. அந்தச் சூழ்நிலையில் ஒரு சராசரி டாக்டர் எதைச் செய்திருப்பாரோ அதிலிருந்து இவர் எவ்வளவு தூரம் விலகினார் என்பதே அளவுகோல்.

பிராது எழுதும் விதம்

முதலில் ரெக்கார்டுகளைக் கைப்பற்றுங்கள். 1996-ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டப்படி உங்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளின் நகல் உங்களுக்கு உரியது. நீங்கள் கேட்ட 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் எழுதித் தெரிவித்தால் இன்னும் 30 நாள் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம், நகலுக்கு நியாயமான செலவுக்கு மேல் வாங்கலாகாது. டிஸ்சார்ஜ் சம்மரி என்னும் நாலு பக்கத்தை நீட்டி இதுவே எல்லாம் என்பார்கள். அதில் திருப்தியடையாமல் நர்ஸ் குறிப்புகள், மருந்து கொடுத்த நேரப் பட்டியல், லேப் முடிவுகள், ஸ்கேன் படங்கள் அனைத்தும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பல வழக்குகளின் உயிர்நாடி நர்ஸ் குறிப்புகளிலேயே இருக்கிறது. நாலு பக்கத்தில் பக்குவமாக முடிக்கப்பட்ட சம்மரியில் இல்லாத மணிக்கணக்கு அங்கே இருக்கும்.

பிறகு எழுதுவது. துக்கம் தாளாமல் எழுதும் பிராதுகள் எப்படி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்: இந்தக் கிராதகர் எங்கள் தாயாரைக் கொன்றுவிட்டார், இவரைப் போன்றவர்கள் தொழிலில் இருக்கலாமா, தயவுசெய்து நடவடிக்கை எடுங்கள். அந்தத் துக்கம் முற்றும் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் அதைப் படிக்கும் குமாஸ்தாவால் அதை வைத்துக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்க முடியாது. அதே நிகழ்ச்சியை வேறு விதமாக எழுதிப் பார்ப்போம்: இன்ன தேதி இரவு 11 மணிக்கு நெஞ்சு வலி என்று தாயார் சொன்னார்; 11:20-க்கும் 1:05-க்கும் டாக்டரைக் கூப்பிட்டதாக நர்ஸ் குறிப்பு இருக்கிறது, நகல் இணைத்திருக்கிறேன்; டாக்டர் போனிலேயே வயிற்று எரிச்சல் மருந்து கொடுக்கச் சொன்னார்; ஈ.சி.ஜி. காலை 6:40 வரை எடுக்கப்படவில்லை. 7:15-க்கு அவர் இறந்தார். அறையில் நானும் என் தங்கையும் இருந்தோம். இதில் வசை ஒன்றுமில்லை. ஆனால் படித்த மாத்திரத்தில் விசாரணையாளருக்கு எந்தத் தாளை வரவழைப்பது, யாரைக் கூப்பிட்டு என்ன கேட்பது என்பது தெரிந்துவிடுகிறது. இரண்டு பக்கத்துக்குள் அடங்கட்டும். தேதிவாரியாக இருக்கட்டும். உங்கள் ஊகங்களை, அவை எவ்வளவு உண்மையாகத் தோன்றினாலும், தனிப் பாராவில் ஊகம் என்றே குறிப்பிடுங்கள். அந்த டாக்டரைப் பற்றி வேறு யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்ட கதைகளைச் சேர்க்க வேண்டாம். அவை பொய்யென்று தெரிந்தால் உங்கள் மெய்யும் அவற்றோடு போய்விடும்.

ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு நேர்ந்ததானால் இன்னும் சில எச்சரிக்கைகள் தேவை. ரெக்கார்டுகளை வாரியம் பார்வையிடவும், உங்களோடு அதைப் பற்றிப் பேசவும் நோயாளியின் கையெழுத்து வேண்டியிருக்கும். அவர்கள் விமானம் ஏறுமுன் அந்தப் பாரங்களில் கையெழுத்து வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஊர் திரும்பிவிட்டதால் பிராது செத்துவிடாது. ஆனால் விசாரணையாளர் கூப்பிடும்போது எட்டக்கூடிய ஒரு டெலிபோன் நம்பராவது இருக்க வேண்டும். நோயாளி காலமாகிவிட்டாரானால் அவருடைய சொத்துக்குச் சட்டப்படி பிரதிநிதியானவர் கையெழுத்திடுவார். இன்னொன்று: பெற்றோருக்கு இங்கிலீஷ் போதாத நிலையில் மொழிபெயர்ப்பாளரை வரவழைக்காமல், பன்னிரண்டு வயதுப் பேரனைக் கொண்டே ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கியிருந்தால் அதையும் பிராதில் எழுதுங்கள். சர்க்கார் நிதி பெறும் ஆஸ்பத்திரிகள் மொழியுதவி அளிக்கக் கடமைப்பட்டவை. சம்மதம் தெரிந்து கொடுக்கப்பட்டதா என்பது வாரியமும் கவனிக்கும் விஷயம்.

பெயர் சொல்லாமல் பிராது கொடுக்கலாமா என்று கேட்பவர் பலர். சில மாநிலங்கள் ஏற்கின்றன. டெக்ஸாஸ் 2011 முதல் ஏற்பதில்லை. ஏற்கும் மாநிலங்களிலும், கேள்வி கேட்க ஆளில்லாத பிராது வெகுதூரம் போவதில்லை. நல்லெண்ணத்தோடு கொடுத்த பிராதுக்காகப் பிராதுதாரர் மீது மான நஷ்ட வழக்குப் போடாதபடி பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் பாதுகாப்புத் தருகின்றன; ஆகையால் பயம் ஒன்றுக்காக மட்டும் பெயரை மறைக்க வேண்டியதில்லை.

உள்ளே நடப்பது

பிராது போய்ச் சேர்ந்ததும் முதலில் அது வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதா என்ற பரிசீலனை. டெக்ஸாஸில் இதற்கு 45 நாள். பெரும்பாலான பிராதுகள் இந்தக் கட்டத்திலோ அடுத்த கட்டத்திலோ நடவடிக்கையின்றி முடிக்கப்படுகின்றன என்பதை மறைப்பதில் பயனில்லை. தப்பிப் பிழைத்தது விசாரணையாளரிடம் போகிறது; ரெக்கார்டுகள் வரவழைக்கப்படுகின்றன; அதே துறையில் தேர்ந்த வேறொரு டாக்டர் அவற்றைப் படித்து, தவறு நேர்ந்ததா, நேர்ந்திருந்தால் அது சிறியதா பெரியதா என்று அபிப்பிராயம் எழுதுகிறார். உண்மையில் வழக்கின் தலைவிதி பெரும்பாலும் இவர் கையில்தான் இருக்கிறது. இவ்வளவும் இரகசியமாக நடப்பது. உங்களுக்கு மாதக்கணக்கில் ஒரு கடிதமும் வராது. வராததால் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணி வாராவாரம் டெலிபோன் செய்வதால் விசாரணை வேகமடைவதில்லை.

குற்றம் இருக்கிறது என்று தோன்றினால் அதற்குமேல் மாநிலங்கள் பிரிகின்றன. டெக்ஸாஸில் டாக்டரை வக்கீலோடு அழைத்து வாரியத்தின் பிரதிநிதிகள் சமரசப் பேச்சு நடத்துவார்கள். அங்கே உடன்பாடு ஏற்பட்டால் உத்தரவாகும், ஏற்படாவிட்டால் நிர்வாக நீதிபதியின் முன் வழக்காகும். கலிபோர்னியாவில் அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் குற்றப்பத்திரிகை தயாரிக்கிறது. அது தாக்கலானதும் பகிரங்கமாகிவிடுகிறது, யாரும் படிக்கலாம். நிர்வாக நீதிபதி சாட்சிகளைக் கேட்டு ஒரு தீர்ப்பை எழுதி வாரியத்துக்கு அனுப்ப, வாரியம் அதை ஏற்கலாம், ஏற்காமல் தானே ரெக்கார்டைப் படித்து மாற்றலாம். நியூயார்க்கில் இரண்டு டாக்டர்களும் ஒரு பொதுமனிதரும் சேர்ந்த மூவர் குழு விசாரிக்கிறது. எந்த மாநிலமானாலும், முழு விசாரணை வரை போகும் வழக்குகளைவிட வழியிலேயே உடன்படிக்கையில் முடிகிறவையே மிகுதி. டாக்டர் தோற்றால் கோர்ட்டுக்குப் போகலாம். பிராதுதாரருக்கு அந்த உரிமை பெரும்பாலும் இல்லை; டெக்ஸாஸ் போன்ற சில மாநிலங்களில், தள்ளப்பட்ட பிராதை மறுபடி பரிசீலிக்கும்படி மனுச் செய்யலாம். மற்ற மாநிலங்களில் புதிய சாட்சியம் கிடைத்தால் புதிதாக எழுதலாம்.

உயிருக்கு உடனடி அபாயம் இருக்கிறது என்று தெரிந்தால் விசாரணை முடியும்வரை காத்திராமல் லைசென்ஸை அப்போதே நிறுத்திவைக்கும் அதிகாரம் வாரியங்களுக்கு இருக்கிறது. அது எவ்வளவு தாமதமாகப் பிரயோகிக்கப்படுகிறது என்பதற்குச் சான்றான, கிறிஸ்டோபர் டன்ச் என்ற டாக்டரின் வரலாற்றை அறியாதவர் டெக்ஸாஸில் குறைவு. முதுகுத்தண்டு ஆபரேஷன் செய்பவராக 2011-இல் டல்லாஸ் பகுதிக்கு வந்த அவர், இரண்டே ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களை ஊனமாக்கினார்; இருவர் இறந்தனர். முதல் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வெளியேறியபோது அது மேலிடத்துக்கு அறிவிக்கப்படவில்லை. ராஜினாமா என்ற பெயரில் கைகழுவி விடப்பட்டார். அடுத்த ஆஸ்பத்திரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் செய்து கெடுத்த ஆபரேஷனைச் சீர்செய்யப் போன சக டாக்டர்களே திகைத்து வாரியத்துக்கு முறையிட்டார்கள். வாரியம் அவருடைய லைசென்ஸை நிறுத்திவைத்தது 2013 ஜூன் மாதக் கடைசியில்தான். 2017-இல் டல்லாஸ் ஜூரி அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. வாரியத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் தனக்குச் சொல்லப்படாததை வாரியம் அறியாது என்பதையும், சொல்ல வேண்டியவர்கள் தங்கள் நற்பெயருக்கும் வழக்குச் செலவுக்கும் அஞ்சி வாய் மூடிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்படி மாநிலம் மாறி, ஆஸ்பத்திரி மாறித் தப்புகிறவர்களைத் தடுக்கவே 1986-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, 1990 செப்டம்பரில் தேசிய டேட்டா பாங்க் ஒன்றைத் திறந்தது. டாக்டருக்காகக் கொடுக்கப்பட்ட நஷ்ட ஈடு, வாரியத் தண்டனை, 30 நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் விதிக்கப்பட்ட தடை, விசாரணையிலிருக்கும்போது செய்த ராஜினாமா எல்லாம் அங்கே பதிவாக வேண்டும். ஆஸ்பத்திரிகள் ஒருவரைச் சேர்க்கும்போதும் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதைப் பார்க்க வேண்டும். ஆனால் பெயரோடு கூடிய விவரத்தைப் பார்க்க நோயாளி உள்ளிட்ட பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. யாருடைய நன்மைக்காக அது ஏற்பட்டதோ அவரே அதைப் படிக்கலாகாது என்ற ஏற்பாட்டை நியாயப்படுத்தும் வாதங்கள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை.

தண்டனைகளும் அவற்றைப் படிக்கும் முறையும்

மிக இலேசானது எச்சரிக்கைக் கடிதம். பல மாநிலங்களில் இது வெளியே தெரியாது. அதற்குமேல் பகிரங்கக் கண்டனம், அபராதம், படித்துவரச் சொல்லும் உத்தரவு, சில மருந்துகளை எழுதத் தடை, பெண் நோயாளிகளைப் பார்க்கும்போது துணையாள் இருக்க வேண்டுமென்ற நிபந்தனை, புரொபேஷன், தற்காலிக நிறுத்தம், இறுதியாக லைசென்ஸ் ரத்து. இவற்றுள் நோயாளிகள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்வது புரொபேஷனை. ரத்துச் செய்யப்பட்டது, ஆனால் ரத்து நிறுத்திவைக்கப்பட்டு ஐந்தாண்டுப் புரொபேஷன் என்று உத்தரவில் இருக்கும். அதாவது அவர் இன்றைக்கும் தொழில் செய்துகொண்டிருக்கிறார். கலிபோர்னியாவில் 2018-இல் இயற்றப்பட்டு 2019 ஜூலை முதல் அமலுக்கு வந்த சட்டப்படி, பாலியல் குற்றம், போதை முதலிய குறிப்பிட்ட கடுமையான காரணங்களுக்காகப் புரொபேஷனில் இருக்கும் டாக்டர் அதை நோயாளிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். லைசென்ஸை ஒப்படைத்தார் என்று மட்டும் இருந்தால், ஓய்வு பெற்றார் என்று நினைத்துவிட வேண்டாம். குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்போது ஒப்படைத்தாரா என்று பாருங்கள்.

இவற்றையெல்லாம் வாரியத்தின் இணையதளத்தில் டாக்டரின் பெயரைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். லைசென்ஸ் நடப்பில் உள்ளது என்ற ஒரு வரியைக் கண்டு நிறுத்திவிடாமல், கீழே இறங்கிப் பகிரங்க ஆவணங்கள் என்ற இடத்தைத் திறந்து குற்றப்பத்திரிகையையும் உத்தரவையும் படியுங்கள். சுருக்கத்தில் ரெக்கார்டு குறை என்றிருப்பது முழு உத்தரவில் எவ்வளவு பெரிய கதையாக இருக்கிறது என்பது அங்கே தெரியும். வேறு மாநிலங்களிலும் அவருக்கு லைசென்ஸ் இருந்ததா என்பதைக் கூட்டமைப்பு நடத்தும் டாக்இன்ஃபோ என்ற தளம் காட்டும். மாநிலங்களுக்கிடையேயான லைசென்ஸ் ஒப்பந்தத்தின்கீழ் பெற்ற லைசென்ஸ்களானால், அவருடைய மூல மாநிலத்தில் ரத்தானால் மற்றவற்றிலும் தாமாகவே அதே கதி ஆகும்.

இந்த நாட்டு டாக்டர்களில் நம் நாட்டிலிருந்து வந்தவர்கள் கணிசமானவர்கள் ஆதலால், இந்த நூலைப் படிப்பவர்களிலும் சிலர் மேஜையின் மறுபக்கத்தில் இருக்கக்கூடும். அவர்களுக்கு இரண்டே வார்த்தை: வாரியத்தின் கடிதம் வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும், இத்துறையில் பழகிய வக்கீலுக்கும் தெரிவிக்காமல் பதில் எழுத வேண்டாம், ரெக்கார்டில் ஒரு காற்புள்ளியையும் தொட வேண்டாம். தவறான சிகிச்சையை மன்னித்த வாரியங்கள் உண்டு, திருத்திய குறிப்பை மன்னித்தவை மிக அரிது.

காலக் கெடு

டெக்ஸாஸில் ஏழாண்டுக்கு முந்திய சிகிச்சையைப் பற்றிய பிராதை, நோயாளி அப்போது மைனராக இருந்தாலன்றி, வாரியம் எடுத்துக்கொள்ளாது. மற்ற மாநிலங்களின் கெடுக்கள் வேறு வேறு. இதைவிட அவசரமானது சிவில் வழக்கின் கெடு: டெக்ஸாஸிலும் நியூஜெர்ஸியிலும் பொதுவாக இரண்டாண்டு, நியூயார்க்கில் இரண்டரையாண்டு, கலிபோர்னியாவில் தெரிந்த நாளிலிருந்து ஓராண்டு அல்லது தீங்கு நேர்ந்த நாளிலிருந்து மூன்றாண்டு, இவற்றில் முந்தியது. வாரியத்தில் பிராது நிலுவையில் இருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்பதில்லை. வாரியம் முடிவு சொல்லட்டும், பிறகு வக்கீலைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்து உரிமையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். நஷ்ட ஈட்டில் நாட்டம் இருக்குமானால் வக்கீலை முதலில் பாருங்கள். பிராதின் வாசகத்தையும் அவரிடம் காட்டிவிட்டே அனுப்புங்கள்.

லைசென்ஸ் ரத்தானவர் என்றென்றைக்கும் போனவர் என்று கருத வேண்டாம். கலிபோர்னியாவில் பொதுவாக ஐந்தாண்டு கழித்து, டெக்ஸாஸில் ஓராண்டு கழித்தே, மறுபடியும் லைசென்ஸ் கேட்டு மனுச் செய்யலாம். திருந்தினேன் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. அப்படி மனு வரும்போது பழைய சாட்சிகள் எங்கே என்று வாரியம் தேடக்கூடும். ஆகையால் பிராதின் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வீடு மாறினாலும் போன் மாறினாலும் அந்த எண்ணைக் குறிப்பிட்டு வாரியத்துக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.